அடுப்பு மூட்டாத வீட்டில் பத்தரை மணி

1

என் வதிவிட அனுமதி விண்ணப்பம் திரும்பி வந்ததிலிருந்து தொடங்குகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்து, சென்னைக்குத் தெற்கே கீழ்க்கட்டளையில் ஒரு வீட்டின் மாடியறையில் குடியிருக்கிறேன். வந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. வருடம் முடிந்தால் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குக் கல்லூரிக் கடிதம், வாடகை ஒப்பந்தம், 'இவர் என் வீட்டில்தான் இருக்கிறார்' என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட கடிதம் என எல்லாவற்றையும் படமெடுத்து இணையத்தில் ஏற்ற வேண்டும். ஒரே காலையில் எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் பெருமையாக இருந்தேன். நாலாம் நாள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்காரரின் கையெழுத்து ஒப்பந்தத்தில் உள்ளதோடு பொருந்தவில்லையாம்.

ஊரில் இருந்து பார்க்கும்போது இது வெளிநாடு மாதிரியே தெரியாது. அதே மொழி, அதே முருகன், அதே முருங்கைக்காய். பதிவு அலுவலகத்தில் கொங்கோ நாட்டுப் பையனுக்குப் பின்னால் நின்று அவன் நிரப்பும் அதே படிவத்தை நிரப்பும்போதுதான் விளங்கும். பேருந்தில் இறங்குமிடம் வந்ததும் எங்கள் ஊர் வழக்கப்படி 'இறக்கம்' என்று நான் சொன்னால் நடத்துநர் என்னைத் திரும்பிப் பார்ப்பதும் அப்படித்தான்.

காரணம் கேட்க நேரில் போனேன். அலுவலர் பொறுமையான மனிதர். இரண்டு கையெழுத்துகளையும் திரையில் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டினார். ஒப்பந்தத்தில் இருந்தது ஆங்கிலத்தில் சாய்வாக ஒரு கீறல். கடிதத்தில் இருந்ததோ தமிழில், நாலாம் வகுப்புப் பிள்ளை கோடு போட்ட கொப்பியில் எழுதியதுபோல, ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக: கோ. சந்திரா.

நானே போட்டேனா என்று கேட்டார். இல்லை, என் கண் முன்னால் வீட்டுக்காரர்தான் போட்டார் என்று சொன்னேன். அவர் நம்பினாரா தெரியவில்லை. வேறு கடிதம் கொண்டுவரச் சொன்னார்.

எனக்கு வந்தது கோபம் மட்டுந்தான். வீட்டுக்கு வந்து வீட்டுக்காரர் சந்திராக்காவிடம் கடிதத்தை நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். 'கோ' அவருடைய அப்பாவின் முதலெழுத்து. கல்யாணமானதிலிருந்து அவர் அதைப் போட்டதே இல்லை.

"இது நான் டென்த் படிக்கிறப்ப போட்ட கையெழுத்தும்மா," என்றார். "உனக்கு எங்கேருந்து கிடைச்சுது?"

2

சந்திராக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறார். கணவர் முருகேசன் சார் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். காலை ஆறேகாலுக்குக் கம்பெனி பஸ் ஏறினால் இரவுச் சாப்பாட்டையும் கேன்டீனில் முடித்துக்கொண்டுதான் வருவார். ஒரே மகன் கார்த்தி மெல்பேர்ணில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவான். முன்பெல்லாம் ஒரு மணித்தியாலம் பேசுவானாம். நான் வந்த பிறகு கேட்டதெல்லாம் "சாப்டியாம்மா, சரிம்மா, ஒரு கால் வருது, வெச்சிடறேன்" என்பது மட்டுமே.

அக்காவுக்கு ஒன்பது வருடமாகச் சர்க்கரை. அதோடு முழங்கால் வலியும் எடையும். மாடியில் துணி காயப்போட ஏறினால் பாதிப் படியில் உட்கார்ந்துவிடுவார். எனக்கு ஊரில் அம்மா இருக்கிறா. கிட்டத்தட்ட அதே வயது, அதே சர்க்கரை வருத்தம். அம்மாவிடம் போனில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். சோற்றைக் குறையுங்கோ, பச்சையாகச் சாப்பிடுங்கோ, நான் எல்லாம் வாசித்துவிட்டேன் என்றேன்.

"சோத்தை விட்டுட்டு நான் ஏன் பிள்ளை உயிரோட இருக்கோணும்?" என்று அம்மா கேட்டா. அதோடு அந்தக் கதை முடிந்தது.

அம்மா கேட்கவில்லை. சந்திராக்கா கேட்டார். இந்தக் கதை முழுவதும் அதிலிருந்துதான் வருகிறது.

நான் எதையும் பாதியில் விடுகிற ஆள் இல்லை. ஒரே வாரத்தில் சுவரில் அட்டவணை ஒட்டினேன். திங்கள் முதல் சனிவரை சமைக்காத சாப்பாடு, பாலும் தயிரும் கிடையாது. காலை எட்டரைக்கு ஒரு டம்ளர் நீற்றுப்பூசணிச் சாறு. பதினொன்றரைக்கு முளைகட்டிய பயறு, துருவிய தேங்காய், வெள்ளரி. மாலையில் வல்லாரைச் சம்பல், ஊறவைத்த நிலக்கடலை, கொய்யா. ஞாயிறு மட்டும் விடுமுறை. முருகேசன் சார் கேட்டுக்கொண்டதற்காக இட்லி, சாம்பார். வீட்டில் இருந்த சீனியையும் வெல்லத்தையும் நானே அள்ளி வாசலில் குப்பை வண்டியில் போட்டேன். போகட்டும் விடு என்று அக்கா சிரித்தார். காப்பியை விட்டபோதுதான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

3

சமைக்காத வீடு எப்படி இருக்கும் என்று அதில் இருந்தால்தான் தெரியும்.

முதலில் வாசனை போனது. பிறகு சத்தம். கீழ்க்கட்டளையில் காலை எட்டு மணிக்குத் தெரு முழுக்கக் குக்கர் விசில் கேட்கும். இந்தப் பக்கத்து வீடு, அந்தப் பக்கத்து வீடு, எதிர் மாடி. எங்கள் வீடு மட்டும் நடுவில் வாயை மூடிக்கொண்டு இருக்கும். மின்விசிறி சுற்றுகிற சத்தமும், அக்கா பூசணியைத் துருவுகிற சத்தமும் மட்டும் கேட்கும். பகலிலேயே அந்த வீட்டுக்குள் வர எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. புதிய பழக்கம், சரியாகிவிடும் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

பூசணியாலும் பிரச்சினை வந்தது. இங்கே அதைத் திருஷ்டி கழிக்கத்தான் அதிகம் வாங்குவார்கள். புது வீட்டு வாசலில் கட்டுவார்கள், ஆயுத பூஜையன்று நடுரோட்டில் உடைப்பார்கள். இரண்டு நாளுக்கு ஒன்று வாங்குகிற ஆள் நான் ஒருத்திதான். சிக்னல் பக்கம் தள்ளுவண்டி வைத்திருக்கும் அண்ணன் ஒருநாள் காயைத் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"தப்பா நென்ச்சுக்காத பாப்பா. வூட்ல இன்னா நடக்குது? டெய்லி பூசணி வாங்கிகினு போற, ஒண்ணுகூட வாசல்ல ஒடைச்சு நான் பாக்கல."

குடிப்பதற்கு என்றேன். அவர் காயைக் கொடுத்தார். பிறகு காசு வாங்கும்போது என் விரல் தன்மேல் படாமல் வாங்கினார்.

ஆனாலும் பலன் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. இரண்டு மாதத்தில் அக்காவின் ரவிக்கைகளையெல்லாம் பிடிக்கக் கொடுக்க வேண்டியிருந்தது. மாடிப்படி முழுவதையும் ஏறி என் அறைக் கதவைத் தட்டிவிட்டு, "பாத்தியா" என்று நின்றார். காலை ஆறு மணிக்கு விரலில் குத்திப் பார்க்கும் சர்க்கரை அளவு வாரா வாரம் இறங்கியது. நான் அதைப் பச்சைப் பேனாவால் எழுதினேன். டாக்டரிடம் போகலாமா என்று ஒருமுறை கேட்டேன். எதுக்கு, சோறு சாப்பிடாம இருக்கேன்னா திட்டுவாரு, மொத்தமா கொறைச்சுட்டுப் போய்க் காட்டுவோம் என்றார். எனக்கும் அது பிடித்திருந்தது. ஒரு பெரிய கைதட்டலுக்காக இருவரும் காத்திருந்தோம்.

4

முதன்முதலாக நான் அதைப் பார்த்த காலைக்கு வருகிறேன். எனக்கு வகுப்பு மதியத்துக்குப் பிறகுதான். பத்தரை மணிவாக்கில் குடிதண்ணீர் எடுக்கக் கீழே வந்தேன்.

சந்திராக்கா அடுப்புக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அடுப்பின் மேல் குக்கர், மூடி போட்டு, விசிலும் போட்டு இருந்தது. அடுப்பு எரியவில்லை. காஸ் சிலிண்டரை நாங்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டுந்தான் திறப்போம். அவர் ஒரு விரலை உயர்த்தி எனக்குப் பேசாதே என்று காட்டினார்.

"ரெண்டு," என்றார்.

வீடு அமைதியாக இருந்தது. தெருவிலும் அந்த நேரம் ஒரு சத்தமும் இல்லை.

"மூணு."

எழுந்து, எரியாத அடுப்பை அணைத்தார். மூடியில் கை வைத்தவர் சூடு பட்டதுபோலச் சட்டென்று இழுத்து, விரலை ஊதிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். முகம் பளபளவென்று இருந்தது.

"ஷூவக் கழட்டிட்டு வா கார்த்தி. ஆறிடப் போகுது."

நான் வெறுங்காலோடு நின்றேன். என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு தட்டை எடுத்து வைத்தேன். இன்றுவரை அதை ஏன் செய்தேன் என்று விளங்கவில்லை. அவர் கரண்டியால் வெறும் குக்கருக்குள்ளிருந்து அள்ளி, சிந்தாமல், தட்டின் நடுவில் வைத்தார். இன்னொரு கரண்டி. பக்கத்தில் உட்கார்ந்து, நான் சாப்பிடுவதற்காகக் காத்திருந்தார்.

பதினொன்றரைக்குப் பயறு சாப்பிட்ட பிறகு அவர் பழைய அக்கா ஆகிவிட்டார். குக்கர் ஏன் வெளியே கிடக்கிறது என்று என்னைத்தான் கேட்டார்.

அதற்குப் பிறகு கவனிக்கத் தொடங்கினேன். தினமும் இல்லை, ஆனால் வந்தால் அதே நேரத்தில் வந்தது. ஒருநாள் நாட்காட்டியின் முன்னால் நின்று தாள்களை ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொண்டிருந்தார். கையில் அடுத்த மாதம் முழுவதும் இருந்தது. இன்னொரு நாள் என்னிடம் மிக மரியாதையாக, நீங்க எந்த வீட்டுக்கு வந்திருக்கீங்க என்று கேட்டார். அப்போதுதான் கையெழுத்து நினைவு வந்தது. அந்தக் கடிதத்தை நான் வாங்கியதும் ஒரு செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்குத்தான்.

நான் சேர்ந்திருந்த, சமைக்காத சாப்பாட்டுக்கான இணையக் குழுவில் பெயர் சொல்லாமல் கேட்டேன். உடம்பில் சேர்ந்த பழைய நச்சு வெளியேறும்போது மனமும் கொஞ்சம் கலங்கும், பயப்படாமல் தொடருங்கள் என்று பதில் வந்தது. எனக்கு அந்தப் பதில் தேவைப்பட்டது, அதனால் நம்பினேன். சுவர் அட்டவணையில் அந்த நாள்களுக்குப் பக்கத்தில் 'கழிவு நீக்கம்' என்று எழுதினேன். அழகான எழுத்தில்.

5

ஞாயிற்றுக்கிழமை முருகேசன் சாரிடம் சொன்னேன். அக்கா மாடியில் இருந்தார். சார் நாலாவது இட்லியைச் சாம்பாரில் முக்கிக்கொண்டிருந்தார்.

"பத்தரைக்கா?" என்றார். "கரெக்டா டைமுக்கு வருதா? உங்க ஊர்ப் பேய்க்கு வாட்ச் கட்டி விட்டிருக்காங்களாம்மா?"

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பை நிறுத்தினார். ஞாயிறு முழுக்க வீட்டிலேயே இருக்கிறேன், அவள் ஒழுங்காகத்தானே இருக்கிறாள் என்றார். உண்மைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அது வந்ததே இல்லை. அவர் போனபின்தான் அது வந்தது, நான் மட்டுந்தான் பார்த்தேன். அவருடைய பார்வையில், பூசணிக்காய் வாங்கிக்கொண்டு வருகிற, மனைவியின் சாப்பாட்டையே மாற்றிவிட்ட வெளிநாட்டுப் பெண் நான். தட்டைக் கழுவும்போது அவர் மெதுவாகக் கேட்டார்: "உனக்கு ராத்திரி தூக்கம் எல்லாம் சரியா வருதாம்மா?"

அன்று மாடியில் உட்கார்ந்து, இது எனக்குத்தான் வந்திருக்கிறதோ என்று யோசித்தேன். அந்த வீட்டில் ஒருவருக்குப் புத்தி பிசகியிருந்தது. யாருக்கு என்பதற்கு என்னைத் தவிர வேறு சாட்சி இல்லை.

6

மூன்று நாள் கழித்து, பத்தரை மணிவாக்கில், தண்ணீர் லாரி வந்தது.

இந்தப் பக்கம் மேடவாக்கம், கோவிலம்பாக்கம் எல்லா இடத்திலும் அப்படித்தான். வெயில் ஏறினால் லாரித் தண்ணீர். வாசலில் நிலத்துக்குக் கீழே ஆள் உயரத்துக்கும் மேலான தொட்டி இருக்கும், சம்ப் என்பார்கள். இரும்பு மூடியைத் திறந்துவிட்டால் டிரைவர் குழாயை உள்ளே விடுவார். லாரி சத்தம் கேட்டது. அக்கா திறந்து விடுவார் என்று நான் மாடியில் இருந்தேன். பிறகு டிரைவரின் குரல் கேட்டது.

"யக்கா. இன்னா பண்ற? தொட்டி தொறந்து கீது. நவுரு யக்கா."

அந்தக் குரலில் இருந்த ஏதோ ஒன்று என்னை ஓட வைத்தது.

சந்திராக்கா தொட்டியின் விளிம்பில் நின்றார். செருப்பு இரண்டையும் கழற்றி, ஒரு வீட்டுக்குள் போகும்போது வைப்பதுபோல ஓரமாகச் சேர்த்து வைத்திருந்தார். புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். ஒரு கால் உள்ளே, வெறும் இருட்டில், படியைத் தேடிக்கொண்டிருந்தது. அங்கே படி கிடையாது. டிரைவர் குழாயைப் பிடித்தபடி, கிட்டப் போனால் தள்ளிவிட்டது போல ஆகிவிடுமோ என்று அசையாமல் நின்றார்.

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் அவரிடம் அதற்கு முன் கண்டதில்லை.

"உள்ள இலை போட்டுட்டாங்க," என்றார். "எல்லாரும் உக்காந்துட்டாங்க. நீயும் வாயேன்."

"ஓம் அக்கா, வாறன். கையைத் தாங்கோ," என்றேன். பயத்தில் என் ஊர்த்தமிழ்தான் வந்தது. அவர் கையை நீட்டினார். பிடித்து இழுத்தேன். இருவரும் சிமெண்டுத் தரையில் விழுந்தோம்.

அவர் கை பனிக்கட்டி மாதிரி இருந்தது. ரவிக்கை முதுகோடு ஒட்டி, பிழிந்தால் தண்ணீர் வரும்போல நனைந்திருந்தது. நான் அதுவரை அந்த நேரத்தில் அவரைத் தொட்டதே இல்லை. பளபளத்த முகம் என்று நினைத்தது எல்லாம் வியர்வை.

உள்ளே கூட்டிவந்து விரலில் குத்தினேன். எழுபதுக்குக் கீழே போகக்கூடாத இடத்தில், கருவி நாற்பத்தொன்று என்று காட்டியது. பழுதாகிவிட்டது என்று நினைத்து மறுபடி குத்தினேன். முப்பத்தொன்பது. அப்போதுதான் மேசையில் இருந்த மாத்திரை அட்டை கண்ணில் பட்டது. காலைச் சாப்பாட்டுக்கு முன் ஒன்று. ஒன்பது வருடமாக எட்டு மணிக்கு அதைப் போட்டு, கால் மணியில் நாலு இட்லி சாப்பிட்டவர் அவர். நான் இட்லியை எடுத்துவிட்டுப் பூசணிச் சாற்றை வைத்தேன். மாத்திரையை அப்படியே விட்டேன். தினமும் அது சர்க்கரையைத் தேடி உடம்புக்குள் இறங்கியிருக்கிறது. அங்கே ஒன்றும் இல்லாததால், அவருடைய நினைவைத் தின்றிருக்கிறது. நாங்களோ காலை ஆறு மணிக்கு, எங்களைப் பாராட்டுகிற நேரத்தில் மட்டும், அளந்துகொண்டிருந்தோம்.

சீனி வேண்டும். டப்பாக்களைத் திறந்தேன். பாசிப்பயறு, எள், நிலக்கடலை, பேரீச்சம்பழம். சீனி வைத்திருந்த டப்பாவை நான் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்திருந்தேன். பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தால் மெல்லத் தெரியாமல் அப்படியே வைத்திருந்தார்.

வாசலில் டிரைவர் நின்றார். சர்க்கரை இருக்கிறதா அண்ணா என்று கேட்டேன். அவர் லாரிக்கு ஓடி, பிளாஸ்டிக் பையில் கட்டியிருந்த டீயைக் கொண்டுவந்தார். "நாலு பேருக்கு வாங்கினேன், சக்கரை தூக்கலா," என்றார். டம்ளரில் ஊற்றி, அக்காவை நிமிர்த்தி உட்காரவைத்து, வாய் வாயாகக் குடிக்க வைத்தேன். பாதி சேலையில் போனது. கால் மணி நேரம் கழித்து அவர் டம்ளரைப் பார்த்தார்.

"இதுல பால் இருக்கே," என்றார்.

7

அன்றே டாக்டரிடம் போனோம். முருகேசன் சார் பாதி வேலையில் வந்துவிட்டார். டாக்டர் சாப்பாட்டைத் திட்டவில்லை. எடை குறைந்தது நல்லதுதான் என்றார். எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்கு முதல் சாப்பாடு என்று இரண்டே கேள்வி கேட்டார். பதிலை நான்தான் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த மாத்திரையை அடியோடு நிறுத்தினார். சாப்பாட்டை இவ்வளவு மாற்றினால் முதலில் தன்னிடம் வந்திருக்க வேண்டும் என்றார். முருகேசன் சார் ஆட்டோவில் வீடு வரும்வரை அக்காவின் கையைப் பிடித்தபடியே வந்தார். என்னைத் திட்டியிருக்கலாம்.

அம்மாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் உன்ர சொல்லைக் கேட்டிருந்தால் பிள்ளை," என்றா அம்மா, "எங்கட கிணத்துக்குச் சுத்திக் கட்டும் இல்லை."

8

இப்போது ஐந்து வாரம் ஆகிறது. அக்கா இன்னமும் பெரும்பாலும் பச்சையாகத்தான் சாப்பிடுகிறார், தன் விருப்பத்தில். காலையில் மட்டும் எட்டரைக்கே பழமும் பயறும். பத்தரைக்கும் விரலில் குத்துகிறோம். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. அந்த நேரத்தில் அவர் அக்காவாகவே இருக்கிறார். சுவர் அட்டவணையை நான் கிழித்துவிட்டேன். ஊரில் இதை வாசித்துவிட்டு நாளைக்கே தொடங்கப்போகிறவர்களுக்கு, முக்கியமாக மாத்திரை போடுகிறவர்களுக்கு, நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: சமையலறைக்குப் போகுமுன் டாக்டரிடம் போங்கள். என்னைப் போன்ற ஒருத்தியிடம் போகாதீர்கள்.

போன வியாழக்கிழமை நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அக்கா மேலே வந்தார். மூச்சு வாங்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்தார்.

"அன்னிக்குத் தொட்டிக்குள்ள யார் இருந்தாங்கன்னு நீ கேக்கவே இல்லையே."

உங்களுக்கு ஒன்றும் நினைவில்லை என்றுதானே டாக்டரிடம் சொன்னீர்கள் என்றேன்.

"அவர்கிட்ட என்னத்த சொல்றது," என்றார். "எல்லாரும் இருந்தாங்க. கார்த்தி சின்னப் பையனா இருந்தான். யாருக்கும் எந்திரிச்சுப் போற அவசரமே இல்ல. நான் பரிமாறிட்டே இருந்தேன், கொறையவே இல்ல. எனக்கு அங்க எங்கயும் வலிக்கல."

அவர் தன் முழங்காலைத் தடவினார். கையில் ஒரு காகிதப் பை இருந்தது. அதை என் மடியில் வைத்தார். உள்ளே நாலு அட்டை மாத்திரை இருந்தது. டாக்டர் நிறுத்தச் சொன்னதுதான்.

"பீரோவுல இருந்துச்சு. நீயே எங்கயாவது போட்டுடு," என்றார். "அங்க எப்படிப் போறதுன்னு இப்ப எனக்குத் தெரிஞ்சுபோச்சு இல்ல."

அவர் கதவருகே நிற்க, நான் குளியலறையில் ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தண்ணீரை ஊற்றினேன்.

"போட்டுட்டியா?"

"போட்டிட்டன் அக்கா."

நல்லது என்றார். படியிறங்கும் சத்தம் கேட்டது. பாதிப் படியில் அது நின்றது.

"எல்லாத்தையுமா?"